லயத்து மண்ணும் ஒரு சதுரக் காசும்

அன்புள்ள தம்பிக்கு,

புக்கிட் மெர்தாஜாமைச் சுற்றி, பெயரில் மட்டும் தோட்டம் மிஞ்சியிருக்கும் இடங்கள் நிறைய. அல்மாவில் இன்று தாமான் எனும் குடியிருப்புகளும் கடைவரிசைகளும். பத்து காவானில் தொழிற்பேட்டை. 2014இல் திறந்த இரண்டாவது பினாங்குப் பாலம் அங்கேதான் கரையேறுகிறது. ஜூரு, பத்து காவான், வால்டோர் என்று தமிழ்ப்பள்ளிப் பெயர்களில் மட்டும் ‘தோட்டம்’ என்ற சொல் விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. செம்பனைக்கு நடுவே கேட்பாரற்றுக் கிடக்கும், தொழிலாளர் வரிசை வீடுகளான பழைய லயங்கள் இருந்த திட்டுகளில் மெட்டல் டிடெக்டரை வைத்துத் தேடலாமா என்று கேட்டிருந்தாய். தேடலாம். ஆனால் கருவியை முடுக்குவது இந்த வேலையில் கடைசிப் படி.

இந்த வட்டாரத்தில் வீடுகள் ஏன் காலியாயின என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் அன்றைய வெல்லெஸ்லி மாநிலம், அதாவது இன்றைய செபராங் பிறை, கரும்புக்குப் பேர்போனது. கலிடோனியா, பத்து காவான் போன்ற கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து ஆட்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி வந்தார்கள். 1910இல் அந்த ஒப்பந்த முறை ஒழிந்தது. கரும்பு போய் ரப்பர் வந்தது. 1948இல் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை ஒடுக்க அவசரகாலம் பிறந்தது. 1950இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டப்படி நாடெங்கும் சுமார் 5 லட்சம் பேர் முள்வேலி போட்ட புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டார்கள். தோட்டங்களிலும் சிதறிக்கிடந்த லயங்களைக் காலி செய்து ஆட்களை ஒரே இடத்தில் சேர்த்தார்கள். பிறகு ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள், அதன்பின் நிலத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் சில கூரைகள் சரிந்தன.

நிபோங் தெபாலில் கலிடோனியா மாளிகை இருக்கிறது; ‘99 கதவு வீடு’ என்றால்தான் ஊருக்குத் தெரியும். தோட்ட முதலாளி 1948இல் அங்கே கொலையானதிலிருந்து பேய்க்கதை கேட்டும் புதையல் ஆசையிலும் இளைஞர்கள் அந்த இடிபாட்டைத் தேடிப் போவதுண்டு. ஆனால் அந்த மாதிரி துரை வீடுகளுக்குக் கடிதங்கள் உண்டு, கணக்குப் புத்தகம் உண்டு, புகைப்படங்களும் உண்டு. பத்தடிக்குப் பத்தடி லய அறையில் குடும்பம் நடத்தியவர்கள் விட்டுப்போன காகிதம் மிகக் குறைவு. அவர்கள் என்ன தின்றார்கள், எதில் குடித்தார்கள், பிள்ளைக்கு என்ன நகை போட்டார்கள் என்பதற்கெல்லாம் அந்த வாசல் மண்தான் சாட்சி. அதைக் கலைத்துவிட்டால் விசாரிக்க வேறு இடம் கிடையாது.

கருவியின் வேலை எளிது. தட்டுக்குள் இருக்கும் கம்பிச் சுருளில் மாறுதிசை மின்சாரம் ஓடும்போது காந்தப்புலம் உண்டாகிறது. அடியில் உலோகம் கிடந்தால் அதற்குள் சுழல் மின்னோட்டம் கிளம்பும். அது திருப்பியனுப்பும் சிறு புலத்தை இன்னொரு சுருள் பிடித்துக் ‘கீ’ என்று கத்தும். இந்தத் தத்துவத்தை வைத்துத்தான் 1881இல் அலெக்ஸாண்டர் கிரகாம் பெல், சுடப்பட்டுக் கிடந்த அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் உடம்புக்குள் குண்டைத் தேடினார். குண்டு அகப்படவில்லை. படுக்கைக்கு அடியில் இருந்த உலோகக் கம்பிகள் கருவியைக் குழப்பியதும் ஒரு காரணம்.

லயத்திலும் அதே தொல்லைதான். தகரக் கூரைத் துண்டு, ஆணி, சார்டின் டின், குடிக்கும் குவளையாகப் பிடி வைத்துப் பற்றவைத்த பால்டின் என்று எங்கும் இரும்பு. இரும்பை ஒதுக்கிவைக்கும்படி கருவியை அமைத்து வைக்கலாம். அப்போது ரப்பர் பால் வெட்டும் உளியும், மண்வெட்டியும், மாட்டு வண்டிப் பட்டையும் சேர்ந்தே காணாமல் போகும். குளிர்பான டின்னின் இழுப்பு வளையமும் மெல்லிய தங்க மோதிரமும் பல கருவிகளின் திரையில் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டும். போதாததற்கு இங்குள்ள செம்மண்ணிலேயே இரும்பு அதிகம். மண்ணுக்கேற்பக் கருவியைச் சமன் செய்யாவிட்டால் ஒன்றுமில்லாத இடத்திலும் அது அலறும். சாதாரணக் கருவிக்கு ஒரு காசு தென்படும் ஆழம் ஒரு சாண் அளவே.

சட்டத்துக்கு வருவோம். மலேசியாவில் 1957இன் புதையல் சட்டத்துக்கும் 1976இன் தொல்பொருள் சட்டத்துக்கும் பதிலாக 2005ஆம் ஆண்டு தேசியப் பாரம்பரியச் சட்டம் வந்தது. 2006 மார்ச் முதல் நடப்பில் உள்ளது. மரபுப் பொருள் தேடி நிலத்தை அகழ உரிமம் வேண்டும். பண்பாட்டு மதிப்புள்ளது என்று நினைக்கத்தக்க பொருள் தற்செயலாகக் கண்ணில் பட்டாலும் பாரம்பரிய ஆணையருக்கோ மாவட்ட அதிகாரிக்கோ உடனே தெரிவிக்க வேண்டும். எது மரபுப் பொருள், எது வெறும் பழம்பொருள் என்று தீர்ப்பது கண்டெடுத்தவர் வேலை அல்ல. அதோடு ‘யாருமில்லாத நிலம்’ என்று எதுவும் இங்கே கிடையாது. செம்பனைக் கம்பெனி, மேம்பாட்டு நிறுவனம், மாநில அரசு என்று ஒவ்வொரு அங்குலத்துக்கும் சொந்தக்காரர் உண்டு. எழுத்தில் அனுமதி வாங்காமல் வேலி தாண்டினால் அது அத்துமீறல்.

இங்கிலாந்தில் இந்தப் பொழுதுபோக்கு பெரியது. அங்கே நடந்த ஒன்று நமக்கும் பாடமாகும். 1992 நவம்பரில் சஃபோக் மாவட்டத்து ஹாக்ஸ்னி கிராமத்தில் ஒரு விவசாயி வயலில் சுத்தியலைத் தொலைத்துவிட்டார். அதைத் தேடித்தர எரிக் லாஸ் என்ற நண்பர் டிடெக்டருடன் வந்தார். சுத்தியலுக்குப் பதிலாக ரோமானியர் காலத்துப் பொன்னும் வெள்ளியும் தலைகாட்டின. கொஞ்சம் எடுத்துப் பார்த்ததுமே அவர் தோண்டுவதை நிறுத்திவிட்டு அதிகாரிகளுக்குச் சொல்லியனுப்பினார். மறுநாள் தொல்லியலாளர்கள் வந்து மண் அடுக்கைக் கலைக்காமல் பார்த்து எடுத்தார்கள். ஏறக்குறைய 15,000 காசுகள். அவை மரப்பெட்டிக்குள் எப்படி அடுக்கப்பட்டிருந்தன, எந்தப் பொருள் எந்தச் சிறுபெட்டியில் இருந்தது என்பதுவரை தெரிந்தது. மரம் எப்போதோ மட்கியிருந்தும்கூட. லாஸுக்கும் விவசாயிக்கும் பெரும் வெகுமதி கிடைத்தது. சுத்தியலும் அகப்பட்டது; அது இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

அவ்வளவு தூரம் போவானேன்? வட செபராங் பிறையில் குவார் கெப்பா இருக்கிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மனிதர்கள் தின்று போட்ட சிப்பிமேடு அது. 19ஆம் நூற்றாண்டில் சுண்ணாம்பு சுடுவதற்காக அந்த மேடுகளை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். தப்பிப் பிழைத்த அடுக்கில் 2017இல் கட்டட வேலையின்போது ஓர் எலும்புக்கூடு கிடைத்தது. அசையாமல் சிப்பிக்குள்ளேயே கிடந்ததால்தான் ‘பினாங்குப் பெண்’ 5,000 ஆண்டுகளுக்கும் முற்பட்டவள் என்று மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்களால் சொல்ல முடிந்தது.

அனுமதி கைக்கு வந்தபின் முதலில் பெரியவர்களிடம் போக வேண்டும். தோட்டத்தில் பிறந்து இப்போது தாமானில் வசிக்கும் தாத்தா பாட்டிமார் ஒரு வெள்ளைத்தாளில் எல்லாம் வரைந்து காட்டுவார்கள்: காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களம், பிள்ளைகளை விட்டுச்செல்லும் ஆயாக்கொட்டகை, ரப்பர் பால் ஸ்டோர், கணக்கெழுதும் கிராணியின் வீடு, முனியாண்டி கோயில், கள்ளுக்கடை. காசு கைமாறிய இடத்தில்தான் காசு விழும். ஆகவே கள்ளுக்கடை வாசலும், சம்பள நாளில் வரிசை நின்ற ஆபீஸ் முற்றமும், கோயில் திடலும் முக்கியம். செம்பனைக் காட்டுக்கு நடுவே திடீரென்று ஒரு முருங்கையோ கறிவேப்பிலையோ வேப்பமரமோ நின்றால் அங்கே யாரோ சமைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கோயில் இருந்த இடத்தில் வேலோ மணியோ கிடைத்தால் அந்தத் தோட்டத்து மக்களுக்குத் தகவல் போக வேண்டும். மயானத்தில் தேடவே கூடாது.

இப்போது ஒரு காசைக் கிட்ட வைத்துப் பார்ப்போம். முனை மழுங்கிய சதுரம், களிம்பு பிடித்த பச்சை. ஒரு பக்கம் முடிசூடிய ஐந்தாம் ஜார்ஜின் தலை, மறுபக்கம் ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸ் என்ற எழுத்து. ஒரு காசு (ஒரு சென்ட்) நாணயம் இந்தச் சதுர வடிவத்துக்கு மாறியது 1919இல். 1939 முதல் வந்தவற்றில் மலாயா என்ற பெயர் இருக்கும். எலிசபெத் ராணியின் தலை பொறித்த சதுரக் காசு 1956 முதல் 1961 வரை. மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் சென் வந்தது 1967இல். 1920ஆம் ஆண்டுக் காசு சிமெண்டுத் தரைக்கு அடியில் கிடந்தால், அந்தத் தரை 1920க்கு முன் போட்டதல்ல என்பது உறுதி. எவ்வளவு பின்னால் என்பதை அந்தக் காசு சொல்லாது, ஏனென்றால் காசு பல வருஷம் கைமாறிக்கொண்டே இருக்கும். ஆனால் ஒரு லயத்தின் வாசல்களில் கிடைத்தவை எல்லாம் 1940களோடு நின்றுவிட்டால், அந்த லயம் அவசரகாலத்தில் காலியானதா என்று பெரியவர்களிடம் கேட்க வழி பிறக்கிறது. அதே காசுகளை ஒரே டப்பாவில் கொட்டிக் குலுக்கிவிட்டால் அந்தக் கேள்வியே எழாது. ஆகவே ஒவ்வொன்றுக்கும் தனிப் பை, எண், ஆழம், இடக்குறிப்பு, அளவுகோல் வைத்து எடுத்த படம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா குத்துவிளக்கு துலக்குவதுபோல் புளி போட்டுத் தேய்க்கக் கை பரபரக்கும். கூடவே கூடாது. புளியின் அமிலம் பச்சைப் படலத்தோடு எழுத்தின் விளிம்பையும் தின்றுவிடும். சாம்பலும் எலுமிச்சையும் அப்படியே. சுத்திகரித்த நீரில் ஊறவைத்து, மென்மையான தூரிகையால் மண்ணை மட்டும் தள்ளி, நிழலில் உலர்த்தினால் போதும். துருப்பிடித்த உளியைத் தட்டித் தட்டித் துரு உதிர்க்காமல், ஈரமில்லாத மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்க வேண்டும்.

ஒரு பொருளை மட்டும் எடுக்கவே எடுக்காதே: வெடிக்காத குண்டு. 1941 டிசம்பரில் பட்டர்வொர்த் விமானத் தளத்தில் ஜப்பானியர் குண்டு போட்டார்கள். அவசரகாலத்தில் காடெங்கும் துப்பாக்கிச் சண்டை. துருவேறிய உருளையோ கூம்போ தென்பட்டால் தொடாமல், மேற்கொண்டு தோண்டாமல், வந்த வழியே விலகிப்போய் 999க்கு அழை. எண்பது வருஷம் ஆனாலும் வெடிமருந்து செத்துவிட்டதாக எண்ணக் கூடாது.

பள்ளி விடுமுறைக்குள் இரண்டு வேலையை முடித்து வை. நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று நில அலுவலகத்தில் விசாரித்து, அப்பாவோடு போய் அனுமதிக் கடிதம் கேள். தோண்ட உரிமம் வேண்டுமா என்பதை மத்திய செபராங் பிறை மாவட்ட அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள். பெரியவர்கள் வரைந்து தரும் வரைபடத்தையும் நகலெடுத்து அனுப்பு. செம்மண்ணில் கருவியைச் சமன் செய்யும் முறை அடுத்த கடிதத்தில்.

அன்புடன்,
அண்ணன்