ஒப்பிட்டு அறிதல்: பால் உற்பத்தியாளர் சங்கங்களுக்கு ஒரு பாடம்

வாய்க்கால் வெட்டுவதற்கு முன் மட்டம் பார்க்க வருவோர், ஊருக்குள் நுழைந்ததும் ஒரு குறியைத் தேடுவதை நாம் பார்த்திருக்கிறோம். மதகுக் கல்லிலோ பாலத்தின் கைப்பிடிச் சுவரிலோ வெட்டப்பட்டிருக்கும் அக்குறிக்குப் ‘பெஞ்ச் மார்க்’ என்று பெயர். கடல் மட்டத்திலிருந்து அதன் உயரம் முன்பே கணிக்கப்பட்டுப் பதிவாகியிருக்கும். அதனோடு ஒப்பிட்டே ஏரியின் மதகு எவ்வளவு மேடு, வயல் எவ்வளவு பள்ளம் என்று கூறுகின்றனர். கண்ணளவை நம்பி வெட்டிய வாய்க்காலில் தண்ணீர் பாதி வழியில் தேங்கிவிடும்.

தொழில் நடத்துவோரும் இப்பெயரைத் தமக்கு எடுத்துக்கொண்டனர். தம் தொழில் நன்றாகவே நடக்கிறது என்று தாமே மதிப்பிட்டுத் திருப்தியடையாமல், அதே வேலையைத் தம்மினும் திறம்படச் செய்பவரின் அளவோடு ஒப்பிட்டு, வேற்றுமைக்குக் காரணம் கண்டு, தம் முறையைத் திருத்திக்கொள்வதே இதன் பொருள். இதனை நாம் ஒப்பளவு முறை என்று அழைப்போம்.

அமெரிக்காவில் நகல் எடுக்கும் இயந்திரங்களைச் செய்துவந்த ஜெராக்ஸ் கம்பெனி (நம் ஊர்களில் நகலுக்கே அதுதானே பெயர்!) 1979-ஆம் ஆண்டில் இம்முறையைக் கையாளத் தொடங்கியது. தனக்கு உற்பத்திச் செலவாகும் தொகைக்கே ஜப்பானியர் தம் இயந்திரங்களை விற்பது கண்டு அது திடுக்கிட்டது. போட்டியாளரின் இயந்திரங்களைப் பிரித்து ஆராய்ந்தது. பின்னர், கிடங்கிலிருந்து சரக்கை விரைவாக எடுத்து அனுப்பும் வழியைக் கற்க, துணிமணிகளைத் தபாலில் விற்கும் ஒரு வியாபார நிலையத்தின் கிடங்கையும் ஆராய்ந்தது. தொழில் வேறாயினும் வேலை ஒன்றாயிற்றே!

நம் நாட்டிலேயே இதற்குச் சிறந்த உதாரணம் ஒன்று உண்டு. 1964-ஆம் ஆண்டு அக்டோபரில் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி அவர்கள் குஜராத்தின் கெய்ரா மாவட்டத்தில் அஜர்புரா என்னும் கிராமத்தில் ஓர் இரவு தங்கினார். பிற இடங்களில் பால் திட்டங்கள் தள்ளாடும்போது ஆனந்தில் மட்டும் பால் கூட்டுறவு தழைப்பது எதனால் என்பதை அறிவதே அவர் நோக்கம். மண்ணைப் பார்த்தார், கங்கைச் சமவெளியின் மண் இதனினும் வளமானது. மழையிலும் எருமைகளிலும் மக்களின் உழைப்பிலும் தனிச்சிறப்பு ஏதும் அவருக்குத் தென்படவில்லை. வர்கீஸ் குரியன் அவர்களிடம் இதைக் கூறியபோது, அவர் ஒரு வேற்றுமையைச் சுட்டிக்காட்டினார்: இங்கே பால்பண்ணை உழவர்களுக்கே சொந்தம், அவர்கள் தேர்ந்தெடுத்தவர்களே நிர்வகிக்கின்றனர், தொழில் தெரிந்த சிப்பந்திகள் அவர்களிடம் வேலை செய்கின்றனர். மறு ஆண்டு தேசிய பால்வள வளர்ச்சி வாரியம் ஆனந்தில் அமைந்தது. 1970-இல் வெண்மைப் புரட்சித் திட்டம் தொடங்கிற்று. நம் கிராமத்துப் பால் சங்கங்களும் அந்த அமைப்பைத் தழுவியவையே.

சாஸ்திரி அவர்கள் பார்த்த முறையை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஆனந்தில் எத்தனை லிட்டர் என்பதோடு அவர் நிற்கவில்லை. இரண்டு இடத்துக்கும் பொதுவானவற்றை ஒவ்வொன்றாக ஒதுக்கினார். ஒதுக்க முடியாமல் எஞ்சியதே காரணம்.

இனி நம் சங்கத்துக்கு வருவோம். நமக்கு நாளொன்றுக்கு 400 லிட்டரும் அடுத்த ஊர்ச் சங்கத்துக்கு 900 லிட்டரும் வருவதாக வைத்துக்கொள்வோம். உடனே நம் அங்கத்தினர்கள் சோர்வடைவர். ஆனால் நமக்குப் பால் ஊற்றுவோர் 80 பேர், அங்கே 180 பேர் எனில், இரண்டிலும் ஆளுக்கு 5 லிட்டர்தான். மொத்தக் கணக்கு நம்மை ஏமாற்றிவிடும். அங்கே லிட்டருக்கு 2 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கிறது என்றால் அதுதான் கவனிக்கத்தக்கது. ஒரு குடும்பத்துக்கு மாதம் 300 ரூபாய் வேற்றுமை! அங்கத்தினர் ஒருவர் தனியார் வண்டிக்குப் பாலை ஊற்றத் தொடங்கினால் அவரை நன்றியற்றவர் என்று பேசுகிறோம். அந்த 300 ரூபாயை நாம் தேடியிருக்க வேண்டும்.

எங்கே தேடுவது? பாலின் விலை, கொழுப்பையும் மற்றச் சத்துக்களையும் பொறுத்தது. நம் பாலில் கொழுப்புக் குறைவாகக் காட்டினால், தீவனத்தைக் குறை கூறுமுன் மாதிரி எடுக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். பாலேடு மேலே மிதக்கும். நன்கு கலக்காமல் மாதிரி எடுத்தால் கணக்குப் பிசகும். அடுத்து, கறந்த பால் குளிரூட்டப்படும் வரை எத்தனை நாழிகை வெயிலில் நிற்கிறது, மாதத்தில் எத்தனை கேன் திரிந்து திரும்புகிறது என்று குறிக்க வேண்டும். வண்டி தாமதமாவதற்குப் பாதையின் பள்ளங்கள் காரணமாயின், அது பஞ்சாயத்தின் பொறுப்பாகிறது.

ஓர் எச்சரிக்கை: ஒரு சங்கம் லிட்டரிலும் மற்றொன்று கிலோவிலும் கணக்கு எழுதலாம். 100 லிட்டர் பால் ஏறக்குறைய 103 கிலோ நிற்கும். இதைக் கவனியாது ஒப்பிட்டால், இல்லாத வேற்றுமைக்குக் காரணம் தேடி அலைய நேரும்.

உழவர் தம் தொழுவத்திலும் இம்முறையைக் கையாளலாம். ஒரு கன்றுக்கும் அடுத்த கன்றுக்கும் இடைவெளி 13 அல்லது 14 மாதமாக இருப்பது நல்ல பராமரிப்பின் அடையாளம். அது 18 மாதமாக நீண்டால், பால் இல்லாமலே நான்கைந்து மாதம் கூடுதலாகத் தீவனம் போடுகிறோம். பசு 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும்; ஒன்றைக் கவனியாது விட்டுச் சினை ஊசி போடத் தவறினால் 21 நாள் செலவு வீணாகும். கன்று ஈன்ற தேதியைச் சுவரில் கரிக்கோடாக எழுதிவைத்தாலும் போதும்; பெரும்பாலோர் அதையும் செய்வதில்லை. அடர்தீவனத்துக்கும் ஓர் அளவு உண்டு: பசுவின் உடல் காப்புக்கு வேண்டியது போக, இரண்டரை லிட்டர் பாலுக்கு 1 கிலோ.

ஒப்பிடுவதற்கு ஊரைத் தேர்ந்தெடுப்பதில் நிதானம் வேண்டும். ஆற்றுப் பாசனத்தில் பசும்புல் செழித்த ஊரை மானாவாரிக் கிராமத்தோடு ஒப்பிட்டால் பொறாமையே மிஞ்சும். நம்மைப் போன்றே மழையும் மேய்ச்சலும் உடைய ஊராகப் பார்ப்போம். அங்கே விழா நாளில் போகலாகாது. காரியதரிசி, பால் பரிசோதகர், தம் கையால் மாடு கறக்கும் பெண் அங்கத்தினர் ஒருவர் ஆகிய மூவரும் விடியற்காலைக் கறவை நேரத்தில் சென்று, கேன் ஏறும் வரை நின்று பார்க்கட்டும். தலைவர் மட்டும் சென்று தேநீர் அருந்தித் திரும்புவதால் பயன் குறைவு. நம் கணக்கேட்டையும் உடன் கொண்டுபோவது மரியாதை. கேட்பவரும் கொடுக்க வேண்டும் அல்லவா?

திரும்பியபின் ஒரே ஒரு மாற்றத்தைச் செய்து அதன் பலனைக் குறித்துவருவோம். பலவற்றை ஒருசேர மாற்றினால் எதனால் பயன் விளைந்தது என்று தெரியாமல் போகும். சென்ற பங்குனிக் கணக்கை இந்தப் பங்குனியோடுதான் ஒப்பிட வேண்டும். கோடையில் புல் காய்ந்து பாலும் குறையும். கார்த்திகைக் கணக்கை எதிரே வைத்தால், செய்த திருத்தம் நல்லதாயினும் கெட்டதாகவே தோன்றும்.