இல்லாத கட்டுரைக்கு 400 மேற்கோள்

அன்புள்ள தங்கைக்கு,

‘விஞ்ஞானக் கட்டுரை எழுதும் கலை’ என்ற பொருளில் ஆங்கிலத் தலைப்பு. ஆசிரியர்கள் வான் டெர் கீர் முதலிய மூவர். ஆண்டு 2000, தொகுதி 163, பக்கம் 51 முதல் 59 வரை. ஏறத்தாழ 400 ஆய்வுக் கட்டுரைகள் இதை ரெஃபரன்ஸ் பட்டியலில் சேர்த்திருந்தன. நெதர்லாந்துப் பேராசிரியர் பீட்டர் க்ரோனென்பெர்க் தேடிப் பார்த்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது: அப்படியொரு கட்டுரையும் இல்லை, அது வந்ததாகக் குறிப்பிட்டிருந்த ஆய்விதழும் இல்லை. எல்செவியர் பதிப்பகம் ‘பட்டியலை இப்படி எழுதுங்கள்’ என்று காட்டக் கொடுத்த மாதிரி வரி அது. மாதிரிக் கோப்பில் தட்டச்சு செய்தவர்கள் அதை அழிக்க மறந்துவிட்டார்கள்.

ஆய்வேட்டுக்குக் கடைசி இரவில் ரெஃபரன்ஸ் பட்டியல் போட்டால் இதுதான் கதி.

நிஜமான ஒன்றைப் பார். 1928 மார்ச் 31 ‘நேச்சர்’ இதழில் ராமன் விளைவு பற்றி வந்த சிறு குறிப்பு, ஏபிஏ என்ற மேற்கோள் முறையில் இந்த வரிசையில் வரும்: ராமன், சி. வி., & கிருஷ்ணன், கே. எஸ். (1928). எ நியூ டைப் ஆஃப் செகண்டரி ரேடியேஷன். நேச்சர், 121(3048), 501–502. இதில் 121 தொகுதி எண், அடைப்புக்குள் இருப்பது இதழ் எண், கடைசியில் பக்கங்கள். சாய்வெழுத்து ஆய்விதழின் பெயருக்கும் தொகுதி எண்ணுக்கும் மட்டுமே. பலர் கட்டுரைத் தலைப்பைச் சாய்த்துவிட்டு இதழின் பெயரை நேராக விட்டுவிடுகிறார்கள். டிஓஐ எண் (கட்டுரையின் நிலையான இணைய அடையாள எண்) இருந்தால் அது இணைப்பாகக் கடைசியில் வரும். மருத்துவத்தில் வான்கூவர், பொறியியலில் ஐஇஇஇ என்று துறைக்கொரு முறை உண்டு. கைடு சொல்வதை எடுத்துக்கொள், இரண்டைக் கலக்காதே.

நம்மூர்ப் பெயர்களில் கவனம் வேண்டும். இனிஷியல் அப்பாவுடையது என்பது பட்டியல் போடும் மென்பொருளுக்குத் தெரியாது. அப்பா பெயர் விரிந்து கடைசியில் அச்சாகியிருந்தால், அதையே குடும்பப் பெயராக எடுத்து முன்னால் போட்டுவிடும். கட்டுரையின் முதல் பக்கத்தைத் திறந்து சரிபார்.

வடிவம் சரியாக இருந்தும் விபரீதம் நடந்திருக்கிறது. 1980இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’, தொகுதி 302, பக்கம் 123இல் போர்ட்டர், ஜிக் என்ற இருவர் எழுதிய ஐந்து வாக்கியக் கடிதம் வந்தது. ஓபியாய்டு வலிநிவாரணி பெற்ற மருத்துவமனை நோயாளிகளில் அடிமையானோர் அரிது என்றது அது. அதைச் சுட்டிய 608 வெளியீடுகளை அதே இதழ் 2017இல் வெளியிட்ட ஆய்வு அலசியது. சுமார் 72 விழுக்காடு, ‘அடிமையாவது அரிது’ என்பதற்கு அதைச் சான்றாக்கியிருந்தன. மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களைப் பற்றியது என்பதைச் சுமார் 81 விழுக்காடு சொல்லவே இல்லை. ஐந்து வாக்கியம் படிக்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? அமெரிக்காவின் ஓபியாய்டு அவலத்துக்கு இந்தத் தவறான மேற்கோள்களும் ஒரு காரணம் என்றார்கள் ஆய்வாளர்கள்.

மூலம் கிடைக்கவில்லையா? யாருடைய கட்டுரையில் அதைப் பார்த்தாயோ, அவர் வழியாக என்றே குறிப்பிடு. ஏஐ செயலி தந்த பட்டியலென்றால் ஒரு வரியையும் நம்பிவிடாதே. உண்மையான ஆய்விதழின் பெயரில் இல்லாத கட்டுரையை அது கூசாமல் எழுதித் தரும். டிஓஐ எண்ணைத் தேடி, வரும் பக்கத்தில் தலைப்பு, ஆண்டு, பக்க எண் மூன்றையும் உன் பட்டியலோடு ஒப்பிட்ட பிறகே பிரின்ட் கொடு.

அன்புடன்,
அக்கா