பட்டைக்குறி அச்சிடும் பொறி

நம் சங்கத்து நூலகத்திற்கு வரும் நண்பர்கள், நூல்களின் பின்னட்டையில் ஒட்டியுள்ள கறுப்புக் கோட்டுச் சீட்டைக் காட்டி, "இதனை எந்தக் கடையில் அச்சடித்தீர்கள்?" என்று என்னைக் கேட்பதுண்டு. கடையில் அன்று, அலமாரிக்குப் பக்கத்தில் இருக்கும் சிறு பொறியிலேதான். அடுத்த ஆண்டு இப்பொறுப்பை ஏற்கப் போகிறவர் உங்களுள் ஒருவரே. ஆதலின் அதனை இயக்கும் முறையையும், அது முரண்டு பிடிக்கும்போது செய்ய வேண்டுவதையும் எழுதி வைக்கிறேன்.

பார்கோடு என்று வழங்கும் இக்குறி பிறந்த கதை சுவையானது. அமெரிக்கரான நார்மன் ஜோசப் உட்லண்டு, மயாமிக் கடற்கரையில் அமர்ந்து மோர்ஸ் தந்திக் குறிகளை நினைத்தவாறு மணலில் விரல்களை இழுத்தார். தடித்தும் மெலிந்தும் கோடுகள் அமைந்தால் அவையே எழுத்தாகுமே என்று தோன்றிற்று. அவரும் பெர்னார்டு சில்வரும் 1949-ல் விண்ணப்பித்து 1952-ல் காப்புரிமை பெற்றனர். ஆயினும், இன்று நாம் கடைப் பொருள்களில் காணும் குறி முதன்முதலாக விற்பனையில் படிக்கப்பட்டது 1974 ஜூன் 26-ஆம் நாள், ஒஹையோ மாநிலத்து டிராய் நகரில். பொருள், ஒரு சூயிங்கம் பொட்டலம்! மணலில் விரலால் எழுதிக் கற்ற திண்ணைப் பள்ளிப் பரம்பரையினராகிய நமக்கு இச்செய்தி சற்று நெருக்கமானதே.

பொறிக்கு வருவோம். லேபிள் அச்சிடும் முறை இரண்டு. ஒன்றில் மையே இல்லை. வெப்பம் பட்டால் கறுக்கும் பூச்சு தாளிலேயே இருக்கும். ஏ.டி.எம். சீட்டு இவ்வகையே. மற்றொன்றில், சூடான அச்சுத்தலை ஒரு ரிப்பனின் மையை உருக்கித் தாளில் பதிக்கும். எந்தத் தாள் எவ்வகை என்பதை நகத்தால் விரைந்து கீறிப் பார்த்தால் அறியலாம். கறுப்புக் கீறல் விழுந்தால் அது வெப்பத்தாள். நூலகத்திற்கு ரிப்பன் முறையே ஏற்றது என்பது என் துணிபு. பணப்பையில் வைத்த ஏ.டி.எம். சீட்டு சில மாதங்களில் வெளுத்துப் போவதை யாவரும் அறிவோம். வடநாட்டுக் கோடையில், மேற்குச் சாளரத்தை ஒட்டிய தட்டில் அடுக்கிய நூல்களின் கதியைக் கூறவும் வேண்டுமோ? வெளுக்காமல் இருக்கட்டும் என்று மேலே ஒளிபுகு டேப் ஒட்டுவதும் பயனற்றது. சில டேப்புகளின் பசையே வெப்பத்தாளின் எழுத்தை அழித்துவிடும்.

இது வீண் அச்சமன்று. நம்மிடம் பொறி வருமுன் வெளியே அச்சிட்டு வாங்கிய லேபிள்கள் வெப்பத்தாளில் ஆனவை. சென்ற ஆண்டு, படிப்பு முடித்து ஊர் திரும்பவிருந்த அண்ணன் ஒருவர் தம்மிடமிருந்த நூலைத் திருப்பித் தந்தார். கோடுகள் மங்கியிருந்தமையால் ஸ்கேனர் படிக்கவில்லை. மேசையில் இருந்தவர் எண்ணைக் கையால் பதிய, 1 என்பது 7 ஆயிற்று. நூல் அலமாரியில் இருக்க, கணக்கில் அது அவர் பெயரிலேயே நின்றது; அவருடைய முன்பணமும் நின்றது. மறுநாள் இரயில். நால்வர் இரவு பத்து மணி வரை அலமாரி அலமாரியாகத் தேடி அந்நூலை எடுத்தோம். அதன் பின்னரே சங்கம் ரிப்பன் பொறி வாங்க இசைந்தது.

ரிப்பனில் மெழுகு வகை, பிசின் வகை, இரண்டும் கலந்தது என மூன்றுண்டு. தனி மெழுகு மலிவானது. ஆனால் பலர் கை பட்டுத் தேயும் நூலுக்கு ஆகாது. கலப்பு வகையையே வாங்குக. ரிப்பனை மாட்டுமுன் மை எந்தப் பக்கம் என்று பாருங்கள். டேப்பின் பசைப் பக்கத்தை ரிப்பனில் அழுத்தி எடுத்தால், மைப்பக்கம் கரியை ஒட்டிக்கொண்டு வரும். அப்பக்கம் தாளை நோக்க வேண்டும். மாறி மாட்டினால் லேபிள் வெள்ளையாகவே வெளிவரும். பொறி பழுது என்று எண்ணிப் பலர் மலைத்துப் போவது இங்கேதான்.

அடுத்தது, தாளின் அளவைப் பொறிக்கு அறிவித்தல். நான் கண்ட கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த ஓரிடத்தில் பிறந்தவை. லேபிள்கள் ஒரு நீண்ட அடித்தாளில் சிறு இடைவெளி விட்டு ஒட்டப்பட்டிருக்கும். பொறியினுள் ஓர் ஒளியுணரி உண்டு. லேபிளும் அடித்தாளும் சேர்ந்த இடத்தில் ஒளி குறைவாகவும், வெறும் அடித்தாளில் மிகுதியாகவும் ஊடுருவும். அந்த வேறுபாட்டைக் கொண்டே ஒரு லேபிள் முடிந்து அடுத்தது தொடங்குவதைப் பொறி உணர்கிறது. புதுவகை ரோல் போட்டால் இவ்வேறுபாடு மாறும். பொறி குழம்பி, மூன்று லேபிள்களை வெறிதே தள்ளும், அல்லது எழுத்தைப் பாதியில் வெட்டி அடுத்த லேபிளில் தொடரும். மீண்டும் அளவெடுக்கச் செய்வதே மருந்து. நம் பொறியில், தாள் தள்ளும் பொத்தானை அழுத்தியபடி மின்சாரம் கொடுத்து, விளக்கு சிமிட்டியதும் விட்டால், சில லேபிள்களை ஓட்டித் தானே அளந்துகொள்ளும். பிறகு கணினியின் டிரைவரிலும் அதே அளவு இருக்கிறதா என்று பாருங்கள். நம் லேபிள் 50 மி.மீ. அகலம், 25 மி.மீ. உயரம். அங்கே ஏ4 என்று இருந்தால் பொறியைத் திட்டிப் பயனில்லை.

இனி, கண்ணுக்கு அழகாக இருந்தும் ஸ்கேனர் படிக்க மறுக்கும் லேபிளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் பொறி 203 டி.பி.ஐ. வகை, அதாவது ஒரு மி.மீட்டருக்கு 8 புள்ளிகள். ஆகவே மிக மெல்லிய கோடு 2 புள்ளியாகவோ 3 புள்ளியாகவோ இருக்கலாமேயன்றி, இரண்டரை ஆக இயலாது. படமாக வரைந்த குறியை இழுத்துச் சுருக்கி லேபிளில் பொருத்தினால், சில கோடு 2, சில கோடு 3 என்று சிதறும். மனிதர் கண் மன்னித்துவிடும், ஸ்கேனர் மன்னியாது. கோட் 128 முறையில் நம் ஆறு இலக்க எண்ணை இரண்டிரண்டாகக் கோத்தால் 68 அலகு. ஓர் அலகுக்கு 3 புள்ளி வைத்தால் 204 புள்ளி, ஏறத்தாழ 25½ மி.மீ. இரு பக்கமும் பத்துப் பத்து அலகு வெற்றிடம் கட்டாயம் வேண்டும். அதையும் கூட்டினால் 33 மி.மீ. நம் லேபிளில் தாராளமாக அடங்கும். வெற்றிடத்தில் சங்கத்தின் முத்திரையைப் போடலாமே என்று ஆண்டுதோறும் ஒருவர் கேட்பார். கூடாது.

தமிழ்த் தலைப்பும் வேண்டுமல்லவா? கோட் 128-ல் தமிழ் எழுத்து ஏறாது. அது எண்ணையும் ஆங்கில எழுத்தையும் சுமக்கும். நம் பொறிக்குள் பதிந்துள்ள எழுத்துருக்களிலும் தமிழ் இல்லை. அனுப்பினால் கேள்விக்குறிகளே வரிசையாக வரும். எனவே தலைப்பை மட்டும் கணினியே படமாக வரைந்து அனுப்பட்டும். கோடுகளைக் கட்டளையாக அனுப்பிப் பொறியே வரையட்டும். இப்படிப் பிரித்தால் இரண்டும் தெளிவாக விழும்.

அச்சு மங்கினால் உடனே வெப்பத்தைக் கூட்டாதீர்கள். வெப்பம் மிகுந்தால் கோடுகள் உப்பி இடைவெளிகளை விழுங்கும். அச்சுத்தலையின் ஆயுளும் குறையும். முதலில் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் மங்கினால் தலையின் அழுத்தம் சமமாக இல்லை. ரிப்பன் சுருங்கி மடிந்தாலும் பெரும்பாலும் அதே காரணம். தாள் ஓடும் திசையில் எப்போதும் ஒரே இடத்தில் வெள்ளைக்கோடு விழுந்தால், தலையில் அழுக்கு இருக்கும், அல்லது ஒரு புள்ளி இறந்திருக்கும். மின்சாரத்தை நிறுத்தி, தலை ஆறியபின், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மென்துணியால் துடைத்துப் பாருங்கள், பிளேடு வேண்டா. துடைத்தும் போகாவிடில் புள்ளி இறந்ததே. புதுத்தலை மிக விலையுள்ளது. அதுவரை குறியைக் குறுக்கே திருப்பி, ஏணிப்படி போல் அச்சிடலாம். கோடுகள் தாள் ஓடும் திசையிலேயே நின்றால் இறந்த புள்ளி ஒரு கோட்டை நெடுகிலும் மெலியச் செய்து கெடுக்கக்கூடும். ஏணியாகப் படுத்தால் எல்லாப் படியிலும் ஒரு சிறு கீறல் மட்டுமே விழும், ஸ்கேனர் படித்துவிடும்.

ரிப்பன் லேபிளைவிடச் சற்றே அகலமாக இருக்கட்டும்; குறைந்தால் தாளின் ஓரம் தலையை உராய்ந்து தேய்க்கும். ஒவ்வொரு ரிப்பன் முடியும்போதும் தலையைத் துடையுங்கள். எந்த லேபிளையும் நூலில் ஒட்டுமுன் ஸ்கேனரில் ஒருமுறை காட்டி, திரையில் வரும் எண்ணும் நூலில் எழுதிய எண்ணும் ஒன்றே என்று பாருங்கள். பழைய வெப்பத்தாள் லேபிள் உள்ள நூல்கள் இன்னும் இரண்டு அலமாரி மீதமுள்ளன. சாளரப் பக்கத்திலிருந்து தொடங்குவது நலம். ரிப்பன் கீழ்த்தட்டில், துணியும் ஆல்கஹாலும் அதன் பக்கத்தில்.