டிராகன் புதையலும் கோழி விலையும்

கேள்வி:
நண்பர்களோடு வாராவாரம் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆடுகிறோம். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு விதிகள். ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர் நான்தான். போன வாரம் அவர்களின் வீரர்கள் டிராகனைக் கொன்று, 10,000 பொற்காசுகளோடு ஒரு குக்கிராமத்தில் வந்து இறங்கியிருக்கிறார்கள். புத்தகத்தில் கோழி விலை 2 செப்புக்காசு. ஊரிலுள்ள கோழி, ஆடு, மாடு அத்தனையையும் வாங்கப்போகிறார்களாம். விலையை ஏற்றினால், “புத்தகத்தில் அப்படியா போட்டிருக்கிறது?” என்று சண்டைக்கு வருகிறார்கள். என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகர்

பதில்:
தயங்காமல் ஏற்றுங்கள். ஒரு பொன்னுக்கு 100 செப்பு. புத்தக விலைப்படி அவர்கள் 5 லட்சம் கோழிகள் வாங்கலாம். அந்த ஊரில் நூறு கோழி இருந்தாலே அதிகம். தொழில் பழகாத கூலியாளுக்கு நாளொன்றுக்கு 2 வெள்ளி, அதாவது 20 செப்பு என்கிறது அதே புத்தகம். அப்படியானால் நூறு பேருக்கு 500 நாள் கூலி அந்த மூட்டைகளில் இருக்கிறது. இவ்வளவு காசு ஒரே நாளில் சந்தைக்கு வந்தால் எந்த விலைதான் நிற்கும்?

சண்டை பிடிப்பவர்களுக்கு ஆட்டத்தின் வரலாற்றிலேயே பதில் உண்டு. டேவ் ஆர்னெசனோடு சேர்ந்து 1974-இல் இந்த ஆட்டத்தை உருவாக்கிய கேரி கைகாக்ஸ், 1978-இல் எழுதிய ஆட்டக்காரர் கையேட்டில் விலைகள் ஏன் இவ்வளவு அதிகம் என்று விளக்கியிருக்கிறார். தங்க வேட்டைக் காலத்து அலாஸ்காவில் ஒரு முட்டை ஒரு டாலருக்கு விற்றது அல்லவா, அப்படிப்பட்ட ஊர்களை மனத்தில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார். ஆக, அவர் பார்வையில் அது சாகசக்காரர்களின் பணம் புழங்கும் ஊருக்கான பட்டியல். எல்லா ஊருக்கும் எல்லா நாளுக்கும் அதே விலை என்று யாரும் விதி எழுதவில்லை.

பட்டியலை அப்படியே நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இதே ஆட்டத்தின் 3.5 பதிப்பில் வரும் ஏணிதான் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம். அதில் 10 அடி ஏணி 5 செப்பு. 10 அடிக் கம்பு 2 வெள்ளி, அதாவது 20 செப்பு. ஏணியை வாங்கிக் குறுக்குக் கட்டைகளைக் கழற்றி எறிந்தால் இரண்டு கம்பு கையில். பாதி விலைக்கு விற்றாலும் ஏணிக்கு 15 செப்பு லாபம். எதற்கு டிராகனோடு மல்லுக்கட்ட வேண்டும், தச்சர் கடை வாசலில் உட்கார்ந்தே பணக்காரர் ஆகிவிடலாம் என்று ஆட்டக்காரர்கள் பல வருடமாகச் சிரிக்கிறார்கள்.

திடீரென்று காசு குவிந்து விலை குலைவது நிஜ உலகிலும் நடந்திருக்கிறது. மாலியின் மன்னர் மன்சா மூசா 1324-இல் ஹஜ் போகும் வழியில் கெய்ரோவில் தங்கத்தை வாரி இறைத்தார். அங்கே தங்கத்தின் மதிப்பு சரிந்தது. சுமார் 12 ஆண்டுகள் கழித்தும் அது பழைய நிலைக்கு மீளவில்லை என்று வரலாற்றாசிரியர் அல்-உமரி எழுதிவைத்திருக்கிறார். கெய்ரோ மாநகருக்கே அந்த நிலை என்றால் உங்கள் குக்கிராமம் எம்மாத்திரம்?

இப்போது ஊருக்குள் வாருங்கள். முதல் நாள் கோழிக்காரம்மாவுக்குக் கொண்டாட்டம். ஒரு பொன்னை நீட்டினால் மீதி 98 செப்பு கொடுக்க ஊரில் யாரிடமும் சில்லறை இருக்காது; “வைத்துக்கொள்ளுங்கள் அம்மா” என்று வீரர்கள் பெருந்தன்மையாகச் சொல்வார்கள். இரண்டாம் நாள் அவர் பொன்னைக் கொண்டுபோய் தானியம் கேட்பார். தானியக்காரர் விலையைச் சொல்லும்போது அவருக்கே குரல் மாறும். மூன்றாம் நாள் கொல்லர் கலப்பையை ஓரம் வைத்துவிட்டு வாளுக்கு இரும்பு காய்ச்சுவார். வயலில் நின்ற பையன்கள் வீரர்களுக்குத் தீப்பந்தம் பிடிக்கக் கிளம்பிவிடுவார்கள். விற்க ஒன்றுமில்லாத கூலியாள் மட்டும் அதே 2 வெள்ளியோடு நிற்பார், அதற்கு இப்போது அரைப்படி தானியம்கூடக் கிடைக்காது. உங்கள் வீரர்கள் அவரைச் சந்திக்க வேண்டும். சத்திரத்து வாசலில், பெயரோடும் பிள்ளைகுட்டியோடும் அவரை நிறுத்துங்கள். ஊரைக் காப்பாற்ற டிராகனைக் கொன்றவர்களுக்கு அவர் ஒரு கேள்வி வைத்திருப்பார்.

பணத்தை வடிக்கவும் வழி உண்டு. கைகாக்ஸே 1979-இல் டன்ஜன் மாஸ்டர் கையேட்டில், அடுத்த நிலைக்கு உயரும் வீரருக்குப் பயிற்சிச் செலவு வைத்தார்: வாரத்துக்கு 1,500 பொன், அதை வீரரின் நிலையால் பெருக்க வேண்டும். கோயில் காணிக்கை, பிரபுவின் வரி, பாலம் கட்டும் செலவு என்று நீங்களும் சேர்க்கலாம். ஆனால் பிடுங்குவதாகத் தெரியக்கூடாது, வீரர்களே விரும்பிச் செலவழிக்க வேண்டும்.

அடுத்த ஆட்டத்துக்கு முழுப் பட்டியலையும் மாற்றத் தேவையில்லை. கோழி, தானியம், ஒரு நாள் கூலி, இந்த மூன்றுக்கும் வாரத்துக்கு வாரம் புது விலை எழுதி வையுங்கள். கூலியைக் கடைசியாக ஏற்றுங்கள்.