இரைப்பு நோயும் மரணப் பதிவேடும்

ஓராண்டில் தம் ஊரில் எத்தனை பேர் பிறந்தனர், எத்தனை பேர் இறந்தனர் என்று கேட்டால் ஊராட்சி உறுப்பினர் விரைவில் விடை கூறிவிடுவார். எதனால் இறந்தனர் என்று கேட்டால்தான் விடை தடுமாறும். "வயதாகிவிட்டது", "மூச்சு முட்டிப் போயிற்று", "நெஞ்சை அடைத்தது" என்றே வீட்டார் கூறுவர். பல சமயங்களில் ஏட்டிலும் அச்சொற்களே ஏறிவிடுகின்றன. இவற்றுக்குள் மறைந்து போகும் ஒரு நோயையும், அந்நோய்க்கு மருத்துவ உலகம் இட்டிருக்கும் எண்ணையும் பற்றி இங்கே காண்போம். எண் என்றவுடன், அது மருத்துவமனை எழுத்தரின் வேலை என்று ஒதுக்கிவிட வேண்டா.

நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்பது அதன் பெயர். மருத்துவர்கள் சி.ஓ.பி.டி. என்று சுருக்கி எழுதுவர். பல ஆண்டுகள் புகையோ தூசியோ உள்ளே சென்று, மூச்சுக் குழாய்கள் தடித்துச் சுருங்கி, நுரையீரலின் காற்றறைகளும் சிதைவதால் இது உண்டாகிறது. பீடி, சுருட்டு, சிகரெட் ஆகியவை முதற் காரணம். ஆனால் ஒரு பீடியும் தொடாத நம் தாய்மார்களுக்கும் இது வருகிறது. காற்றோட்டமில்லாத சமையற்கட்டில் பருத்திமாரும் வறட்டியும் எரித்து, ஊதாங்குழலுடன் முப்பது நாற்பது ஆண்டுகள் அடுப்பின்முன் அமர்ந்தவர் உட்கொண்ட புகை கொஞ்சநஞ்சமன்று. இருமல், சளி, மேடேறினால் இரைப்பு என மெல்லத் தொடங்கும் இந்நோயை முதுமையின் தளர்ச்சி என்றே பலரும் எண்ணிவிடுகின்றனர்.

இதை உறுதி செய்யும் சோதனை எளியது. ஸ்பைரோமீட்டர் என்னும் கருவியில், நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து ஒரே வீச்சில் ஊதச் செய்வர். வெளிவந்த மொத்தக் காற்றில் முதல் விநாடியில் வந்தது 100-க்கு 70 பங்குக்குக் குறைந்து, குழாயை விரிக்கும் மருந்து தந்த பின்னும் அவ்வாறே இருந்தால், அடைப்பு நிலைத்துவிட்டது என்று பொருள். ஆஸ்துமாவில் பெரும்பாலும் அம்மருந்தினால் அடைப்பு நீங்கும். இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட இருமலாயின், சளியையும் சோதித்துக் காசநோய் உண்டா என்று பார்த்தல் வேண்டும்.

இனி எண்ணுக்கு வருவோம். ஒரே நோய்க்கு ஊருக்கு ஒரு பெயர் வழங்கினால் கணக்கெடுப்பது எவ்வாறு? பாரிஸ் நகரின் புள்ளிவிவர அறிஞர் ஜாக் பெர்டிலன் வகுத்த மரணக் காரணப் பட்டியலை 1893-இல் சர்வதேசப் புள்ளிவிவரக் கழகம் ஏற்றது. 1948-இல் உலக சுகாதார நிறுவனம் அதன் ஆறாம் திருத்தத்தைத் தன் பொறுப்பில் வெளியிட்டது. 1990-இல் ஏற்கப்பட்ட பத்தாம் திருத்தப்படியே நம் நாட்டின் மரணக் காரணங்கள் நெடுங்காலமாக வகுக்கப்பட்டு வருகின்றன. பதினோராம் திருத்தம் 2022 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது.

பத்தாம் திருத்தத்தில் மூச்சு உறுப்புகளின் நோய்கள் 'ஜே' என்ற எழுத்தில் வருகின்றன. நாம் பேசும் நோய் ஜே 44. ஆஸ்துமா ஜே 45. பஞ்சாலைத் தூசியால் வரும் நோய்க்கு ஜே 66.0, பூஞ்சை பிடித்த வைக்கோல் தூசியால் உழவருக்கு வரும் நுரையீரல் நோய்க்கு ஜே 67.0 என்று தனி எண்ணே உண்டு! காசநோய் இவ்வரிசையில் இல்லை. அது தொற்று நோயாதலின் 'ஏ' வரிசையில் அடங்கும். புள்ளிக்குப் பின்வரும் இலக்கமும் பொருளுடையது. அடைப்பு நோயாளிக்கு நெஞ்சில் கிருமித் தொற்றும் சேர்ந்தால் ஜே 44.0, நோய் திடீரென முற்றினால் ஜே 44.1, விவரம் ஏதும் எழுதப்படாவிடில் ஜே 44.9. மருத்துவர் எழுதாததை எழுத்தர் எண்ணாக்க இயலாது.

ஓர் எடுத்துக்காட்டு கொள்வோம். விறகடுப்பில் வாழ்நாளெல்லாம் சமைத்த மூதாட்டி ஒருவர் பத்தாண்டுகளாக இரைப்பால் வருந்துகிறார். ஐப்பசி மழையில் சளிக்காய்ச்சல் கண்டு, மருத்துவமனையில் இறந்து போகிறார். மரணச் சான்றில் 'இருதயம் நின்றது' என்று மட்டும் எழுதினால் அது ஐ 46. 'மூச்சுத் திணறல்' என்றால் ஆர் 06. 'முதுமை' என்றால் ஆர் 54. 'ஆர்' வரிசை நோய்களின் வரிசையன்று. காரணம் தெளிவாகாத அறிகுறிகளைப் போட்டுவைக்கும் இடம். இருதயம் நிற்காமல் இறந்தவர் யார்? சான்றுப் படிவமே இதை அறிந்து, இறந்த விதத்தை எழுதாமல் இறப்புக்குக் காரணமான நோயை எழுதுமாறு மருத்துவரைப் பணிக்கிறது. முதல் வரியில் நிமோனியா, அதற்கு அடிப்படையாக அடுத்த வரியில் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று எழுதியிருப்பின், அம்மூதாட்டியின் மரணம் ஜே 44-இல் சேர்ந்திருக்கும்.

இதனால் ஊருக்கு ஆவது என்ன என்று கேட்கலாம். மத்திய அரசு 2010-இல் தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியபோது அதன் பெயரில் புற்றுநோய், நீரிழிவு, இருதய நோய், பக்கவாதம் ஆகியவை இடம்பெற்றன. நுரையீரல் அடைப்பு நோய் பின்னரே திட்டத்தில் சேர்ந்தது. மருந்தும் கருவியும் எந்த நோய்க்கு எவ்வளவு என்று முடிவு செய்வோர் பார்ப்பது இக்கணக்கைத்தான். கணக்கில் வராத நோய்க்கு ஸ்பைரோமீட்டர் கேட்டு ஊராட்சி தீர்மானம் எழுதினாலும், அதற்குத் துணைநிற்கும் சான்று இராது.

வீட்டில் நேரும் மரணத்தில் சிக்கல் இன்னும் மிகுதி. 21 நாட்களுக்குள் கிராம நிர்வாக அலுவலரிடம் பதியச் செல்பவர் பெரும்பாலும் வெறுங்கையுடன் செல்கிறார். இறந்தவர் முன்பு மருத்துவமனையில் தங்கியிருந்தால் வீடு திரும்பும்போது தந்த சீட்டும், ஊதிப் பார்த்த சோதனைத் தாளும் எங்கோ கூரையில் செருகப்பட்டிருக்கும். குடும்ப அட்டையுடன் அவற்றையும் ஒரே பையில் வைக்குமாறு ஒவ்வொரு வார்டு உறுப்பினரும் தம் தெருவில் சொல்லி வைத்தல் வேண்டும். இறுதி நோயில் பார்த்த மருத்துவரிடம் காரணச் சான்று கேட்டுப் பெறவும் அத்தாள்கள் உதவும். மரண அறிக்கைப் படிவத்தில், இறந்தவர் புகைபிடித்தவரா, எத்தனை ஆண்டுகள் என்ற வினா உண்டு. கூச்சமின்றி விடையளிக்க வேண்டும். அடுப்பைப் பற்றிய வினா அதில் இல்லை. அது ஒரு குறையென்றே நாம் கருதுகிறோம். ஆதலின் நோயாளி உயிருடன் இருக்கும்போதே, எந்த அடுப்பில் எத்தனை ஆண்டுகள் சமைத்தார் என்பதை மருத்துவரிடம் சொல்லி, சீட்டில் எழுதச் செய்வது நல்லது.

மருத்துவமனையில் இறந்தவர்க்குக் காரணச் சான்றைக் கட்டணமின்றி வழங்கி, நெருங்கிய உறவினருக்கும் ஒரு படி தருதல் வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் கூறுகிறது. நோயின் பெயர் வெளியானால் பெண் கொடுக்கல் வாங்கலுக்குத் தடையாகும் என்று அஞ்சி, காசநோயையும் இரைப்பையும் மறைப்போர் உளர். அவ்வச்சத்துக்கு இடமில்லை. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969, 17-ஆம் பிரிவின்படி, பதிவேட்டிலிருந்து எவர்க்கு வழங்கும் இறப்புச் சான்றிதழிலும் மரணக் காரணம் காட்டப்படலாகாது.