இணையவழி உயர்கல்வி: வளர்ச்சியும் நிர்வாகமும்

உயர்கல்வியை நாடுவோர் தொகை நம் நாட்டில் பெருகி வருகிறது. அவர்கள் அனைவருக்கும் வகுப்பறையும் விடுதியும் அமைத்துத் தருவது எளிதன்று. எனவே, மாணவரைத் தேடிக் கல்வி செல்லும் வழிகள் நெடுங்காலமாகவே ஆராயப்பட்டு வந்துள்ளன. அவற்றுள் அண்மையது இணையவழிக் கல்வி. இதன் வளர்ச்சியைச் சேர்க்கை எண்ணிக்கையால் மட்டும் அளப்பது போதாது. சேர்ந்தவருக்குக் கிடைக்கும் துணையும், அவர் பெறும் பட்டத்தின் நம்பகத்தன்மையுமே உண்மையான அளவுகோல்கள்.

வளர்ச்சிப் படிகள்

1962-இல் தில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. 1982-இல் ஐதராபாத்தில் நாட்டின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அமைந்தது. 1984 ஆகஸ்டில் பல்கலைக்கழக மானியக் குழு கல்லூரி மாணவர்க்கான தொலைக்காட்சிப் பாடங்களை ஒளிபரப்பத் தொடங்கியது. 1985-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வாயிலாக இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தோன்றியது.

2003-இல் ஏழு இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் மைய அரசின் நிதியுதவியுடன் என்.பி.டி.இ.எல். திட்டத்தை மேற்கொண்டன. பொறியியல் பாடங்களின் விரிவுரைகளை எவரும் கட்டணமின்றிப் பெற இத்திட்டம் வழிசெய்தது. பிற துறைகளையும் உள்ளடக்கிய 'ஸ்வயம்' தளம் 2017 ஜூலையில் தொடங்கப்பட்டது. ஒரு பருவத்தில் ஒரு பட்டப் படிப்புக்குரிய பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் வழியே பயில மானியக் குழுவின் 2021-ஆம் ஆண்டு விதிமுறைகள் இடமளிக்கின்றன. முழுப் பட்டத்தையும் இணையவழியே வழங்குவதற்கான விதிமுறைகள் 2018-இலும், திருத்திய வடிவில் 2020-இலும் வெளியாயின.

2020 மார்ச்சில் கொரோனா பெருந்தொற்றால் கல்லூரிகள் மூடப்பட்டபோது ஆசிரியர்கள் கைப்பேசி வழியே பாடம் நடத்தினர். அது நெருக்கடிக்கால ஏற்பாடு. பாடத்தைத் திட்டமிட்டு, படக்காட்சி, படிப்பதற்கான குறிப்பு, தன்மதிப்பீட்டு வினாக்கள், ஐயம் தீர்க்கும் உரையாடல் ஆகிய நான்கையும் இணைத்து வழங்குவதே முறையான இணையவழிக் கல்வியாகும். இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுதல் பிழை.

ஒரு படிப்பினை

கண்காணிப்புத் தளர்ந்தால் விளைவதென்ன என்பதைத் தொலைநிலைக் கல்வியின் வரலாறே காட்டும். சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் உரிய ஒப்புதலின்றித் தொலைநிலையில் பொறியியல் பட்டங்களை வழங்கின. 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இதுபற்றித் தீர்ப்பளித்தது. 2001 முதல் 2005 வரையிலான கல்வியாண்டுகளில் சேர்ந்தவர்கள் தனித் தேர்வில் தேறினால்தான் அவர்களது பட்டம் செல்லும் என்றும், அதன் பின்னர்ச் சேர்ந்தோரின் பட்டங்கள் செல்லா என்றும் அறிவித்தது. தவறு நிறுவனங்களுடையது, இழப்போ, அப்பட்டத்தை நம்பிப் பணியில் சேர்ந்தவர்களுடையது. பொறியியல், மருத்துவம் முதலிய படிப்புகளை இணையவழிப் பட்டங்களிலிருந்து விலக்கியுள்ள இன்றைய விதிகளின் அருமையை இதனால் உணரலாம்.

செலவின் இயல்பு

நிர்வாகிகள் மனங்கொள்ள வேண்டிய பொருளாதார உண்மை ஒன்றுண்டு. விரிவுரையைப் பதிவு செய்யும் செலவு பெரும்பாலும் ஒருமுறைச் செலவு. நூறு பேர் கேட்டாலும் பத்தாயிரம் பேர் கேட்டாலும் அது பெரிதும் மாறாது. ஆனால், விடைத்தாளைத் திருத்துதல், ஐயம் தீர்த்தல், பின்தங்கியவரை ஊக்குவித்தல் ஆகியவற்றின் செலவு மாணவர் தொகைக்கேற்ப உயரும். முதல் செலவின் சிக்கனத்தை மட்டும் கண்டு சேர்க்கையைப் பெருக்கி, இரண்டாம் செலவைக் குறைக்கும் நிறுவனத்தில் தரம் தாழ்வது உறுதி.

தேர்விலும் இதே கவனம் தேவை. என்.பி.டி.இ.எல். பாடங்களைக் கட்டணமின்றிப் பயிலலாம். சான்றிதழ் வேண்டுவோரோ கட்டணம் செலுத்தித் தேர்வு மையத்திற்கு நேரில் வந்து தேர்வு எழுத வேண்டும். சென்னைத் தொழில்நுட்பக் கழகம் 2020-இல் தொடங்கிய தரவு அறிவியல் படிப்பிலும் பாடம் இணையத்தில். முக்கியத் தேர்வுகள் நேரில். பட்டத்தின் மதிப்பைக் காப்பது இந்த ஏற்பாடே.

எட்டாத இல்லங்கள்

2017-18-ஆம் ஆண்டின் தேசிய மாதிரி ஆய்வின்படி, நகர்ப்புற இல்லங்களில் 42 விழுக்காட்டினருக்கும் ஊர்ப்புற இல்லங்களில் 14.9 விழுக்காட்டினருக்குமே இணைய வசதி இருந்தது. ஊர்ப்புறத்தில் கணினி உள்ள இல்லங்கள் 4.4 விழுக்காடு மட்டுமே. பின்னர்க் கைப்பேசி பெருமளவு பரவியுள்ளது. எனினும், சிறு திரையில் விரிவுரை கேட்கலாமேயன்றி, கணக்கியல் பயிற்சியோ நீண்ட கட்டுரையோ எழுதுவது கடினம். ஆகவே, மாலை நேரத்தில் கல்லூரிக் கணினிக் கூடங்களை இத்தகைய மாணவர்க்குத் திறந்துவிடுவது பெரும் உதவியாகும்.

செய்ய வேண்டுவன

கல்லூரிதோறும் இணையவழிப் படிப்புகளுக்கெனப் பொறுப்பாசிரியர் ஒருவரை நியமித்து, அவரது வகுப்புச் சுமையைக் குறைக்க வேண்டும். ஒரு வழிகாட்டியின் பொறுப்பில் எத்தனை மாணவர் என்பதை வரையறுத்து, அதற்கேற்பவே சேர்க்கையை அனுமதிக்க வேண்டும். பதிவு செய்தோர், தேர்வெழுதியோர், தேறியோர் ஆகிய மூன்று எண்ணிக்கைகளையும் நிறுவனங்கள் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். மாணவர்களும் சேரும் முன் அப்படிப்பு அவ்வாண்டுக்குரிய ஒப்புதல் பெற்றதா என்பதை மானியக் குழுவின் பட்டியலில் சரிபார்த்தல் நன்று.

ஒப்புதல் பெற்ற இணையவழிப் பட்டம் வகுப்பறைப் பட்டத்திற்கு இணையானது என 2022 செப்டம்பரில் மானியக் குழு தெளிவுபடுத்தியது. சட்டம் சமநிலையை வழங்கிவிட்டது. வேலைவாய்ப்பிலும் சமுதாயத்திலும் அந்தச் சமநிலையை நிலைநாட்டுவது நிறுவனங்களின் நல்ல நிர்வாகத்தைப் பொறுத்ததாகும்.