மிதியடி உரைத்த வரலாறு

தொல்பழங்கால மக்கள் செய்த கற்கருவிகள் இன்றும் மண்ணுள் கிடைக்கின்றன. ஆனால், நாராலும் தோலாலும் அவர்கள் செய்த பொருள்கள் ஈரம் பட்டும் புழு அரித்தும் விரைவில் மட்கிவிடும். ஆதலால், அக்கால மக்கள் காலில் அணிந்த மிதியடிகள் கிடைப்பது மிக அரிது. அங்ஙனம் அரிதாகக் கிடைத்த மிதியடிகள் சில, ஒரு நிலப்பகுதியின் வரலாற்றையே மாற்றி எழுதச் செய்தன.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குப் பகுதியில் ஆரிகன் என்னும் மாநிலம் உள்ளது. அங்கு, வறண்ட நிலத்தின் நடுவே ஃபோர்ட் ராக் என்னும் குகை அமைந்துள்ளது. 1938ஆம் ஆண்டில் ஆரிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் லூதர் கிரெஸ்மன் என்பார் அக்குகையை அகழ்ந்து ஆராய்ந்தார். அங்கே எரிமலைச் சாம்பல் ஓர் அடுக்காகப் படிந்திருந்தது. அச்சாம்பலுக்கு அடியில் மிதியடிகள் பல புதைந்து கிடந்தன.

அவை தோலால் ஆனவை அல்ல. மாசிபத்திரி இனத்தைச் சேர்ந்த ஒருவகைப் புதர்ச்செடியின் பட்டையை உரித்து, முறுக்கிக் கயிறாக்கி, நெருக்கமாகப் பின்னி அவற்றின் அடிப்பகுதியை அமைத்திருந்தனர். கால்விரல்களைக் காப்பதற்கு முன்புறத்தில் ஒரு மறைப்பும் வைத்திருந்தனர். சில மிதியடிகள் நெடுநாள் நடந்து தேய்ந்திருந்தன, சில கருகியிருந்தன. குகை வறண்டு இருந்தமையால் அவை மட்காமல் எஞ்சின.

சாம்பல் மேலே, மிதியடி கீழே. ஆகவே, எரிமலை வெடிப்பதற்கு முன்பே அங்கு மக்கள் வாழ்ந்தனர் என்று கிரெஸ்மன் கூறினார். அச்சாம்பல் மசாமா என்னும் மலையிலிருந்து வந்தது எனக் கண்டறியப்பட்டது. எனினும், அப்பகுதியில் மக்கள் குடியேறி நெடுங்காலம் ஆகவில்லை என்று கருதிய அறிஞர் பலர் கிரெஸ்மனின் கூற்றை ஏற்கவில்லை. கிரெஸ்மன் தம் முடிவைக் கைவிடாமல் தக்க சான்றுக்காகக் காத்திருந்தார்.

அச்சான்று வேதியியல் துறையிலிருந்து வந்தது. உயிருள்ள செடி காற்றிலிருந்து கரியைப் பெறுகிறது. அக்கரியில் மிகச் சிறு பகுதி கதிரியக்கம் உடையது. செடி மடிந்த பின்னர் அப்பகுதி சிறிது சிறிதாகக் குறைந்து, சுமார் 5,730 ஆண்டுகளில் பாதியாகிவிடும். எஞ்சியிருப்பதை அளந்து பொருளின் வயதைக் கணக்கிடும் முறையை வில்லார்டு லிபி என்னும் அறிஞர் வகுத்தார். அதற்காக 1960ஆம் ஆண்டில் நோபல் பரிசும் பெற்றார். 1951ஆம் ஆண்டில் ஃபோர்ட் ராக் மிதியடித் துண்டுகள் இம்முறையில் ஆராயப்பட்டன. அவற்றின் வயது ஏறத்தாழ 9,000 ஆண்டுகள் என்று தெரிந்தது. பிற்கால ஆய்வுகள் அவற்றுட் சில 10,000 ஆண்டுகளுக்கும் முற்பட்டவை என்று காட்டின. பதின்மூன்று ஆண்டுகள் நீடித்த ஐயம் அகன்றது.

மசாமா மலை வெடித்தது இன்றைக்குச் சுமார் 7,700 ஆண்டுகளுக்கு முன்னர். மலையுச்சி சரிந்து உண்டான பள்ளமே இன்று ஆழமான ஏரியாக விளங்குகிறது. அப்பகுதியின் பழங்குடியினராகிய கிளமத் மக்கள், மலை நெருப்பைக் கக்கிச் சரிந்த செய்தியைத் தலைமுறை தலைமுறையாகக் கதையாகச் சொல்லி வந்துள்ளனர். அந்நெருப்புக்கு முன்பே அங்கு மக்கள் வாழ்ந்தனர் என்பதற்கு மிதியடிகள் சான்றாயின.

அரசரின் முடியும் வாளும் மட்டுமே வரலாறு ஆவதில்லை. பெயர் அறியப்படாத ஒருவர் தம் கால் நோகாமல் நடப்பதற்காகப் பின்னிய மிதியடியும் வரலாறே. அதனைப் பொறுமையுடன் ஆராய்பவருக்கே அதன் உண்மை புலப்படும்.